சொல்லக் கூடாத தேதி

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் நலத்தை உன் கையெழுத்தே சொல்லிவிட்டது. வரிக்கு நாலு வார்த்தைதான் நிற்கிறது, அந்த அளவுக்கு எழுத்துகள் கொழுத்துக் கிடக்கின்றன. அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

போனில் பேசினால் போதாதா, எதற்குக் காகிதமும் பேனாவும் என்று கேட்டிருக்கிறாய். போனை நீ எடுத்தாலும் அம்மாவின் காது அதில்தான் ஒட்டியிருக்கும். நான் பெரிய அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருப்பதாகத்தானே அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். அது முழுப் பொய்யும் இல்லை. அரசு இருக்கிறது, மருந்து இருக்கிறது, நோயாளிகள் நிறைய இருக்கிறார்கள். சுவர் மட்டும் கொஞ்சம் உயரம். உன் பள்ளிக்கூட முகவரிக்கு எழுதினால், பாடம் இல்லாத நேரத்தில் தனியாகப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடலாம்.

இன்னும் எத்தனை காலம் கம்பி எண்ணப்போகிறாய் என்று கேலி செய்திருக்கிறாய். அத்தானுக்குத் தெரிந்த டாக்டரின் கிளினிக்கில் எனக்காக ஓர் இடம் காத்திருக்கிறது என்பதையும் படித்தேன். வழக்கம்போல் மறுத்துவிடுவேன் என்று நினைக்காதே. இந்த முறை உண்மையாகவே யோசிக்கிறேன்.

சிறைக்குள் வேலை அப்படி என்ன கஷ்டம் என்று நீ கேட்டதற்கு எப்படிப் பதில் சொல்வது என்று தெரியவில்லை. ஊசியும் கட்டும் எங்கேயும் ஒன்றுதான். ஆனால் காலையில் வாசலில் என் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். உள்ளே போன கத்தரிக்கோல் அப்படியே வெளியே வந்தாக வேண்டும். மருத்துவ அறையின் சாவி என்னிடம் கிடையாது. அது வார்டர் அம்மாவின் இடுப்பில் தொங்குகிறது. யாரைத் தொட்டுப் பார்த்தாலும் வார்டர் அம்மா அறைக்குள் நிற்க வேண்டும். மாத்திரை கொடுத்தால், விழுங்கிய பிறகு வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். அம்மா வயதுக்காரர்கள்கூட என் முன்னால் நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகிறார்கள். வந்த புதிதில் கூச்சப்பட்டு வேறு பக்கம் பார்த்தேன். அந்தக் கூச்சத்தைப் பயன்படுத்தி ஒருத்தி தூக்க மாத்திரைகளைக் கன்னத்தில் ஒதுக்கிச் சேர்த்துவைத்து, ஒரேயடியாக விழுங்கிவிட்டாள். பிழைத்துக்கொண்டாள். அதன் பிறகு நான் நேராகப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

யார் என்ன செய்துவிட்டு உள்ளே வந்தார்கள் என்று எழுதியிருக்கும் பக்கத்தை நான் புரட்டுவதில்லை. தெரிந்துகொண்டால் என் கை எப்படி இருக்குமோ என்று எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை.

இப்போது என் மனசு முழுக்க ஒருவர் இருக்கிறார். உள்ளே இருக்கும் தையல் கூடத்தில் வேலை செய்கிறவர். எல்லோரும் தையல்காரம்மா என்று கூப்பிடுவார்கள். மாத்திரை வரிசையில் அவரைப் பார்க்கவே முடியாது. ஒரு நாள் தோள்பட்டை வலிக்கிறது, தடவிக்கொள்ளத் தைலம் வேண்டும் என்று வந்தார். கையைத் தூக்கச் சொன்னபோது முகம் சுளித்த விதம் சரியாகப் படவில்லை. திரையை இழுத்துவிட்டுப் பார்த்தேன். மார்பில் கட்டி. கேட்டால், அது பாட்டுக்கு இருக்குது சிஸ்டர், வலியா கொடுக்குது என்றார். வெளி மருத்துவமனைக்கு அனுப்பிச் சதை எடுத்துச் சோதித்தார்கள். சந்தேகப்பட்டது சரிதான், புற்றுநோய். ஆனால் சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிட்டீர்கள், இப்போதே எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார் என்று அந்த டாக்டர் சொல்லி அனுப்பினார். அந்த வார்த்தையை ஒரு நாள் முழுக்க மனசுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன், அக்கா. இங்கே எங்களுக்கு அப்படி ஒரு வார்த்தை கிடைப்பது அபூர்வம்.

அறுவைக்குத் தேதி வந்துவிட்டது. எனக்கும் கண்காணிப்பாளருக்கும் தெரியும். தையல்காரம்மாவுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. வெளி மருத்துவமனைக்குப் போகும் நாளைக் கைதியிடம் முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பது இங்கே கண்டிப்பான விதி. முன்பு யாரோ ஒருத்தி தேதியைத் தெரிந்துகொண்டு வீட்டுக்குச் சொல்லி, மருத்துவமனை வாசலில் ஆள் நிறுத்தி ஓடிப்போனாளாம். தினமும் காலையில் தையல்காரம்மா, வந்துடுச்சா சிஸ்டர் என்று கேட்கிறார். வந்தால் தெரியும் என்கிறேன். அவரோடு ஒரே அறையில் இருப்பவள் ஒருத்தி, வாய் ஓயாது என்பதால் ரேடியோ என்றே பெயர், அவள் சும்மா விடுவாளா? மந்திரி வரும் தேதி ஊருக்கே தெரிகிறது, இவள் கட்டியை எடுக்கும் தேதி மட்டும் ராணுவ ரகசியமா என்று கேட்டாள். வார்டர் அம்மாவே சிரித்துவிட்டார். நான் மருந்து அலமாரியைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

இதில் ஒரு சிக்கல். அறுவைக்குப் போகிறவர் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். ஆனால் நாளைக் காலையில் சாப்பிடாதீர்கள் என்று சொன்னாலே தேதியைச் சொன்னதாகிவிடும். அதற்கு இங்கே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அன்று காலை அவருக்கு மட்டும் ரொட்டியும் டீயும் போகாது. காரணம் சொல்ல மாட்டார்கள். வேனில் ஏற்றும்போதுதான் விஷயமே தெரியும். வார்டர் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இப்படி எத்தனை பேரைப் பட்டினி போட்டு அனுப்பியிருக்கிறேன், இது எனக்குப் புதுசா என்றார்.

இது நல்லபடியாக முடியட்டும். அதன் பிறகு கிளினிக் விஷயத்துக்குத் தெளிவாகப் பதில் எழுதுகிறேன். பெயர் தெரியாத ஒருவருக்காக நீயும் ஒரு நிமிஷம் நல்லது நினைத்துக்கொள்.

அன்புடன்,
உன் தங்கை

*

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. சின்னவள் விழுந்த பல்லைத் தம்ளரில் போட்டுவைத்து, தெரியாமல் அத்தான் அதில் தண்ணீர் குடிக்கப்போன கதையைப் படித்துச் சிரித்தேன் என்று எழுத வேண்டும் என்று ஆசை. சிரிப்பு வரவில்லை. உன் எழுத்தில் குறை இல்லை.

தையல்காரம்மாவுக்கு நல்லபடியாக முடிந்ததா என்று கேட்டிருக்கிறாய். நடக்கவே இல்லை.

சாயங்காலம் வரைக்கும் வேன் திரும்பாது, அவர் சில நாள் அங்கேயேதான் இருப்பார் என்று நினைத்திருந்தேன். மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன்பே வேன் வந்து நின்றது. கைவிலங்கோடு இறங்கினார். என்னைப் பார்த்து, ஏதோ தப்பு செய்துவிட்ட பிள்ளை மாதிரி சிரித்தார். கூடப் போன காவலர் என்னிடம் சத்தம் போட்டார். சாப்பிட்டவளை ஏன் அனுப்பினாய் என்றார்.

நடந்தது இதுதான். முந்தின நாள் தையல் கூடத்தில் துணியைத் தப்பாக வெட்டிவிட்டதற்காகத் தையல்காரம்மா திட்டு வாங்கியிருக்கிறார். மறுநாள் காலையில் அவருக்கு மட்டும் ரொட்டியும் டீயும் வரவில்லை. கேட்டதற்கு, மேலிடத்து உத்தரவு என்று சொல்லிவிட்டு வார்டர் அம்மா போய்விட்டார். தண்டனை என்று நினைத்துக்கொண்டார்கள். வேறு என்ன நினைப்பார்கள்? தையல்காரம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். ரேடியோவுக்குப் பொறுக்கவில்லை. தன் ரொட்டியைப் பிய்த்து, தன் டீயில் நனைத்து, அவர் வாயருகே கொண்டுபோயிருக்கிறாள். அவர் வேண்டாம் என்றிருக்கிறார். அவள் விடவில்லை. வாசல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, "பட்டினி போட்டா பயந்துருவோம்னு நினைக்கிறாங்க. நீ தின்னு. நான் மறைச்சுக்கிறேன்" என்று சொல்லிச் சொல்லியே ஊட்டியிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் வேன் வந்துவிட்டது.

மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர், சாப்பிட்டீங்களாம்மா என்று கேட்டிருக்கிறார். விலங்கு மாட்டிய கையைப் பார்த்துக்கொண்டே யாராவது அப்படிக் கேட்டால் மனசு இளகத்தானே செய்யும். ஆமாம்மா, வயிறார சாப்பிட்டேன் என்று தையல்காரம்மா மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். சாப்பிட்ட வயிற்றோடு மயக்கம் கொடுக்க முடியாது, உயிருக்கு ஆபத்து. அது உனக்குத் தெரிந்திருக்கும். அடுத்த தேதி எப்போது என்றால் வரிசையில் கடைசி. கூடப் போகக் காவலர்களும் கிடைக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள்.

நான் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், அக்கா. எல்லோரும் விதிப்படிதான் நடந்தோம். நான் தேதியைச் சொல்லவில்லை. வார்டர் அம்மா சாப்பாட்டை நிறுத்தினார். மருத்துவமனை செய்தது சரி. விதியை மீறியவள் ஒருத்திதான், தன் பங்கில் பாதியைக் கொடுத்தவள். அவள் அதைச் செய்வாள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தினமும் அவர்களைப் பார்க்கிறவள் நான்தானே.

கண்காணிப்பாளரைப் போய்ப் பார்த்தேன். அடுத்த முறை சொல்ல அனுமதி கொடுங்கள் என்று கேட்டேன். கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். நாளைக்கு ஒருத்தி ஓடிவிட்டால் உங்கள் வேலை மட்டும் போகாது என்றார். முந்தின நாளே தனி அறையில் வைக்கலாமே என்றேன். இருக்கிற ஒரே தனி அறையில் காசநோய்க்காரர் இருக்கிறார். அது எனக்கே தெரியும். தெரிந்தும் கேட்டேன்.

அன்று சாயங்காலம் தையல்காரம்மாவைக் கூப்பிட்டு நாடி பார்த்தேன். பார்க்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ரேடியோவிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். டாக்டர் லீவு என்று சொல்லிவிட்டாராம். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவகிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர். இருந்ததுல பாதியக் குடுத்தா. அது இப்படி ஆச்சுன்னு அவளுக்குத் தெரியவே வேணாம்."

கைதி நர்ஸின் கையைப் பிடிக்கக் கூடாது. வார்டர் அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு இடுப்புச் சாவியைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டார்.

கிளினிக் பற்றி இப்போது எழுத முடியவில்லை. ஒரே ஓர் உதவி செய். அம்மா போனை வாங்கியதும் முதலில் கேட்பது, சாப்பிட்டியா என்றுதான். எப்படியாவது அவளை வேறு ஏதாவது கேட்க வை. மழை பெய்கிறதா, துணி காய்ந்ததா, எது வேண்டுமானாலும் கேட்கட்டும். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் கொஞ்ச நாளைக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. காரணத்தை அம்மாவிடம் சொல்லாதே.

அன்புடன்,
உன் தங்கை

*

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோபம் நியாயம்தான். உன் கடிதங்களுக்கெல்லாம் சேர்த்து இப்போதுதான் பதில் எழுதுகிறேன். கிளினிக் டாக்டர் இன்னும் எனக்காக இடத்தை வைத்திருக்கிறார், அத்தான் அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடப்படுகிறார் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு வருகிறேன். அதற்கு முன் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

மழைக்காலம் போய் வெயில் வந்த பிறகுதான் அடுத்த தேதி வந்தது. அதற்குள் தையல்காரம்மாவின் கை வீங்கிவிட்டது. தையல் மெஷின் சக்கரத்தைச் சுற்ற முடியவில்லை. பொத்தான் வைக்கும் வேலைக்கு மாற்றினார்கள். பிறகு அதுவும் முடியவில்லை. வந்துடுச்சா சிஸ்டர் என்று கேட்பதையும் நிறுத்திவிட்டார். அவர் கேட்காதது, கேட்டதைவிடக் கொடுமையாக இருந்தது.

இந்த முறை நான் சொல்லிவிட்டேன், அக்கா. கை வீக்கத்துக்குக் கட்டு போடுகிற சாக்கில் குனிந்து, நாளைக் காலையில் யார் எதைக் கொடுத்தாலும் வாயில் வைக்காதீர்கள் என்றேன். வார்டர் அம்மா என் பின்னால்தான் நின்றிருந்தார். அவர் அண்ணாந்து பார்த்து, "இந்த ஃபேன் போடுற சத்தத்துல ஒரு எழவும் காதுல விழ மாட்டேங்குது" என்றார். அன்று கரண்டே இல்லை. ஃபேன் ஓடவில்லை. தையல்காரம்மா தலையைக்கூட ஆட்டவில்லை. ரவிக்கையின் கொக்கிகளை நிதானமாக மாட்டிக்கொண்டு எழுந்து போனார். அவர் யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. சொல்லி அனுப்ப அவருக்கு வெளியே ஆள் இல்லை. அவரைப் பார்க்க ஒருவரும் வந்து நான் கண்டதில்லை.

மறுநாள் காலை ரேடியோ ஊட்ட வந்தபோது பல்வலி என்று சொல்லி வாயை மூடிக்கொண்டாராம். இந்த முறை கண்காணிப்பாளரிடம் கேட்டு நானும் வேனில் போனேன். மருத்துவமனையில் அதே கேள்வியைக் கேட்டார்கள். தண்ணிகூடக் குடிக்கல டாக்டர் என்று அவர் சொன்னபோது முகத்தில் ஒரு பெருமை. பரீட்சைக்கு எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார். பெரிய டாக்டர் கட்டியைத் தொட்டுப் பார்த்தார். படம் எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்து நீண்ட நேரம் பார்த்துவிட்டு, என்னை மட்டும் தனியே கூப்பிட்டார். எலும்புக்குப் போய்விட்டது, நுரையீரலுக்கும் போய்விட்டது, இனிமேல் கத்தி வைத்துப் பயன் இல்லை என்றார்.

திரும்பும் வழியில் நானே சொன்னேன். வேறு யாரும் சொல்ல விடவில்லை. கேட்டுக்கொண்டார். வேன் ஜன்னல் கம்பி வழியே கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். கடைகள், பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகள். அப்புறம் சொன்னார். "நான் காலி வயித்தோடதான் வந்தேன் சிஸ்டர். நீங்க சொன்ன மாதிரியே."

ஆமாம்மா என்றேன்.

ரேடியோ வாயாடியே தவிர முட்டாள் இல்லை. அடுத்த நாள் தலைவலி என்று வந்து நின்றாள். அன்னைக்கும் ரொட்டிய நிறுத்தினாங்க, வேன் வந்துச்சு. நேத்தும் நிறுத்தினாங்க, வேன் வந்துச்சு என்று ஆரம்பித்தாள். அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "சிஸ்டர், அன்னைக்கு அவள சும்மா திருப்பி அனுப்பினது நான் ஊட்டினதாலயா?"

இல்லை என்றேன். டாக்டர் லீவு என்றேன். "அது அப்பவே முத்திப்போச்சு. யாரு என்ன செஞ்சிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்" என்றேன். கண்ணைப் பார்த்துச் சொன்னேன். அவள் சுவரில் சாய்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். தலைவலி மாத்திரையை வாங்கவே இல்லை.

அந்தப் பொய் அவளுக்காகச் சொன்னது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவள் போன பிறகுதான் பார்த்தேன், அவளுக்கென்று விரித்த குடையின் கீழ் நானும் நின்றுகொண்டிருந்தேன். அப்போதே முத்திவிட்டது என்றால் முதல் தடவை நான் வாய் திறக்காததும் ஒன்றுமில்லை என்றாகிவிடுகிறது. சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிட்டீர்கள் என்று டாக்டர் சொன்னது எனக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும். ரேடியோவுக்குக் கிடைத்த ஆறுதல் எனக்குக் கிடைக்கக் கூடாது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நீ என்னைச் சமாதானப்படுத்தாதே.

வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று மேலே எழுதிப் போட்டிருக்கிறார்கள். அழைத்துப்போக ஒருவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். யாரும் வரவில்லை. காசநோய்க்காரர் குணமாகி வார்டுக்குத் திரும்பிவிட்டதால், அந்தத் தனி அறையைக் கழுவித் தையல்காரம்மாவுக்குக் கொடுத்தார்கள். இப்போது அறை கிடைத்துவிட்டது. வலிக்கு மருந்து கொடுக்கிறேன். இன்னும் நாக்கைத் தூக்கச் சொல்ல வேண்டும் என்பதுதான் விதி. நான் சொல்லாமலே அவராகத் தூக்கிக் காட்டுகிறார்.

ரேடியோவை அவருக்குத் துணையாக விட்டார்கள். ரொட்டி இப்போது இறங்குவதில்லை. கரண்டியில் பால்தான். அதையும் அவள் வாய் ஓயாமல் எதையாவது பேசிக்கொண்டே ஊட்டினால்தான் குடிப்பார். இதற்கு நடுவில் அவளுடைய தண்டனை முடிந்துவிட்டது. ரிலீஸைத் தள்ளிப்போட மனு கொடுக்க முடியுமா என்று கண்காணிப்பாளரிடமே போய்க் கேட்டிருக்கிறாள். இத்தனை வருஷ சர்வீஸில் இப்படி ஒரு மனுவை நான் பார்த்ததில்லை என்று அவர் சிரித்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாராம். விதியில் இடம் இல்லை. போகிற அன்று காலையில் ரேடியோ என்னிடம் வந்து, "பேச்ச நிறுத்தினீங்கன்னா வாய மூடிக்குவா சிஸ்டர். எதையாவது பேசிக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என்னைப் பற்றி உனக்குத் தெரியும். நாலு பேர் கூடினால் நான் வாயே திறக்க மாட்டேன். நீ எனக்கும் சேர்த்துப் பேசுவாய். படித்த கதைகளைச் சொல்லிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குப் புத்தகத்துக் கதை வேண்டாம். யார் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை, யார் யாரோடு பேசாமல் இருக்கிறார்கள், இதெல்லாம் வேண்டும். எனக்குத் தெரிந்த அக்கம்பக்கமே இல்லை. வாடகை அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறவள் நான்.

போன வாரம் வேறு வழியில்லாமல் உன் கடைசிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். போனை உள்ளே விட மாட்டார்கள், காகிதத்தை விடுவார்கள். வாசலில் காவலர் பிரித்துப் படித்தார். மாடி வீட்டம்மா உன் கொடியில் துணி காயப்போட்டதும், நீ ஒன்றும் சொல்லாமல் அதை மடித்து இஸ்திரி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்ததும், அந்த அம்மா அதற்காகவே சண்டைக்கு வந்ததும் இருந்த இடத்தில் அவரும் சிரித்தார். அதைத்தான் தையல்காரம்மாவுக்குப் படித்தேன். முதல் கரண்டி, இரண்டாவது கரண்டி என்று போய்க்கொண்டே இருந்தது. துணி மடிக்கிற இடத்தில் கண்ணைத் திறந்தார். "அப்புறம்?" என்றார். அரை தம்ளர் குடித்தார், அக்கா.

அப்புறம் என்ன ஆயிற்று என்று நீ எழுதவில்லை. நானே ஏதோ கட்டிச் சொன்னேன். நன்றாக வரவில்லை. அவருக்கும் தெரிந்துவிட்டது.

அதனால் கிளினிக் டாக்டரிடம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல். அத்தானிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள். எப்போது வருவாய் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எங்கள் டாக்டரிடம் எவ்வளவு நாள் என்று கேட்டேன். கையை விரித்தார். நான் பெரிய தியாகம் செய்வதாக நினைத்து அம்மாவைப்போல் கண் கலங்காதே. பால் கரண்டியைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு நீ செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எழுது. வாரம் ஒன்று எழுது, முடிந்தால் இரண்டு. மாடி வீட்டம்மா இப்போது பேசுகிறாளா, கொடி யாருக்கு என்று முடிவாயிற்று, சின்னவள் பள்ளிக்கூடத்தில் யாரைக் கடித்தாள், அத்தான் எதைத் தொலைத்துவிட்டு வீட்டையே புரட்டிப்போட்டார், எல்லாவற்றையும் எழுது. எதையும் சுருக்காதே. நல்ல செய்தியாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. நீளமாக இருக்க வேண்டும். கடைசியில் வழக்கமாக எழுதுகிற மாதிரி ‘மற்றவை நேரில்’ என்று மட்டும் முடித்துவிடாதே, அக்கா. இருப்பதையெல்லாம் காகிதத்திலேயே எழுதி அனுப்பு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
தங்கை